பையில் ஒரே நிறைகல்: பிரைமரி தேர்தலில் ஒரு கிறிஸ்தவர் வேட்பாளரை எடை போடுவது எப்படி?

டெக்சாஸில் இருக்கும் என் தங்கைக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து, முதல் தடவையாக ஓட்டுப் போடப் போகிற நேரம். 2024 பிப்ரவரி. போனில் கேட்டாள்: "அண்ணே, எலக்சன் நவம்பர்லதானே? மார்ச் அஞ்சாம் தேதி வந்து ஓட்டுப் போடுங்கன்னு சொல்றாங்களே, அது என்னது? சபையில வேற பாதிப் பேர் ஒரு பேரைச் சொல்றாங்க, மீதிப் பேர் இன்னொரு பேரைச் சொல்றாங்க. ரெண்டு பக்கமும் வசனம் வச்சிருக்காங்க." அன்றைக்கு அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அமெரிக்க அரசியல் தெரியாதவர்களுக்கும் புரியும்படி, அடியிலிருந்தே.

முதலில் பிரைமரி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் ஒரு தொகுதிக்கு யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்து சீட் கொடுக்கிறது. அமெரிக்காவில் அந்த வேலையைப் பெரும்பாலும் சாதாரண வாக்காளர்கள் செய்கிறார்கள். குடியரசுக் கட்சி சார்பில் யார் நிற்பது, ஜனநாயகக் கட்சி சார்பில் யார் நிற்பது என்று தீர்மானிக்க, நவம்பர் பொதுத்தேர்தலுக்கு முன்பு ஜனவரி தொடங்கி ஜூன் வரை மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சித் தேர்தல்தான் பிரைமரி. அது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரான ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமலே சிகாகோ மாநாட்டில் கட்சிப் பெரியவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார், மாநாட்டுக்கு வெளியே தெருவில் பெரிய கலவரமே நடந்தது, அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்றி, 1972 முதல் வாக்காளர்கள் கையில் இந்த அதிகாரம் உண்மையாகவே வந்தது.

சில மாநிலங்களில் பிரைமரிக்குப் பதில் காகஸ் என்று ஒன்று உண்டு. அயோவா அதற்குப் பேர் போனது. அங்கே குடியரசுக் கட்சிக்காரர்கள் ஜனவரிக் குளிரில் இரவு ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்திலோ தேவாலயக் கூடத்திலோ கூடி, ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேசுவதைக் கேட்டுவிட்டு, துண்டுச் சீட்டில் பெயரை எழுதிப் போடுகிறார்கள். பிரைமரி என்றால் வழக்கமான வாக்குச்சாவடிதான். யார் ஓட்டுப் போடலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃப்ளோரிடாவில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் போடலாம். டெக்சாஸில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது, அன்றைக்கு வாசலில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். கிடைக்கும் ஓட்டுகள் நேராக வேட்பாளரிடம் போவதில்லை, அவை கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளாக மாறும். 2016இல் குடியரசுக் கட்சிக்கு மொத்தம் 2,472 பிரதிநிதிகள், அதில் 1,237 பேரைச் சேர்ப்பவர்தான் வேட்பாளர்.

சரி, இதில் கிறிஸ்தவ வாக்காளருக்கு என்று தனியாக என்ன இருக்கிறது?

நவம்பரில் அவர் முன்னால் இருப்பது பெரும்பாலும் இரண்டே பெயர். கருக்கலைப்பு, மதச் சுதந்திரம், ஏழைகளுக்கான திட்டங்கள், குடியேறிகள் என்று எதை முக்கியமாக நினைக்கிறாரோ அதைப் பொறுத்து அவருடைய கட்சி ஏறக்குறைய முன்பே முடிவாகியிருக்கும். பிரைமரியில் அப்படி இல்லை. மேடையில் நிற்கும் ஏழெட்டுப் பேரும் ஒரே கட்சி, முக்கியமான விஷயங்களில் கிட்டத்தட்ட ஒரே பதில். கொள்கைப் பட்டியலை வைத்துப் பார்த்தால் பாதிப் பேர் தேறிவிடுவார்கள். அதனால் வேறு கேள்விகள் மேலே வருகின்றன. இவர் என்னுடைய விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்பவரா? சொன்னபடி வாழ்கிறவரா? வேலை தெரிந்தவரா? நவம்பரில் ஜெயிப்பாரா? இந்த நாலு கேள்விக்கும் ஒரே ஆள் நல்ல பதிலாக இருந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. அப்படி அமைவது அபூர்வம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பாடம் 2008 குடியரசுக் கட்சி பிரைமரிதான். பழைய கதை மாதிரி தோன்றும், ஆனால் அந்த வருடம் வேட்பாளர்கள் அமைந்த விதம் அப்படி.

மைக் ஹக்கபி. ஆர்கன்சாவின் முன்னாள் கவர்னர், அதற்கு முன் சதர்ன் பாப்டிஸ்ட் போதகர். இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள், அதாவது வேதத்தையும் மனமாற்ற அனுபவத்தையும் அழுத்திச் சொல்லும் புராட்டஸ்டண்டுகள், பேசும் மொழியைப் பிறவியிலிருந்தே பேசுகிறவர், அயோவா விளம்பரத்தில் தன்னைக் கிறிஸ்தவத் தலைவர் என்றே சொல்லிக்கொண்டார். மிட் ராம்னி. மாசசூசெட்ஸின் முன்னாள் கவர்னர், திறமையான நிர்வாகி, ஒரே மனைவி, ஐந்து பிள்ளைகள், குடும்ப வாழ்க்கையில் யாரும் விரல் நீட்ட முடியாதவர். ஆனால் மார்மன் சபையைச் சேர்ந்தவர், அந்தச் சபையின் போதனைகளைப் பெரும்பாலான இவாஞ்சலிக்கல் சபைகள் கிறிஸ்தவ உபதேசமாக ஏற்பதில்லை. தவிர, கருக்கலைப்பு உரிமையை ஆதரித்துப் பேசி கவர்னரானவர், பதவியில் இருக்கும்போதுதான் நிலையை மாற்றிக்கொண்டார். ரூடி ஜூலியானி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க் மேயராக நின்றவர், கத்தோலிக்கர், கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர், மூன்று திருமணம். ஜான் மெக்கெய்ன். வியட்நாமில் ஐந்தரை ஆண்டுகள் போர்க்கைதியாகச் சித்திரவதைப்பட்டவர். செனட்டில் கருக்கலைப்புக்கு எதிராகவே தொடர்ந்து ஓட்டுப் போட்டவர். ஆனால் 2000ஆம் ஆண்டு பிரைமரியில் பாட் ராபர்ட்சன், ஜெர்ரி ஃபால்வெல் ஆகிய இரண்டு பெரிய பிரசங்கிமாரையும் சகிப்பின்மையின் முகவர்கள் என்று வெளிப்படையாகச் சாடியவர். ஐந்தாவதாக, நடிகரும் முன்னாள் செனட்டருமான ஃப்ரெட் தாம்ப்சன்.

இப்போது கிறிஸ்தவத் தலைவர்கள் யார் யாரை ஆதரித்தார்கள் என்று பாருங்கள். மார்மன் உபதேசத்தைத் தான் ஏற்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே, பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தர் மூன்றாம் பாப் ஜோன்ஸ் ராம்னியை ஆதரித்தார். கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கங்களில் பெரியதான நேஷனல் ரைட் டு லைஃப் அமைப்பு தாம்ப்சனை ஆதரித்தது. ஃபால்வெல்லின் மகன் ஹக்கபியை ஆதரித்தார். 2007 நவம்பர் 7ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள்: கத்தோலிக்க செனட்டர் சாம் பிரவுன்பேக் மெக்கெய்னுக்கு, கிறிஸ்டியன் பிராட்காஸ்டிங் நெட்வொர்க்கை நிறுவிய பாட் ராபர்ட்சன், கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஜூலியானிக்கு. பயங்கரவாதத்திலிருந்து மக்களைக் காப்பதுதான் இன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் என்பது ராபர்ட்சன் சொன்ன காரணம். ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி என்ற கிறிஸ்தவக் குடும்ப அமைப்பின் நிறுவனர் ஜேம்ஸ் டாப்சனோ ஜூலியானி வேட்பாளரானால் அவருக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று அறிவித்திருந்தார்.

ஐந்து வேட்பாளர்கள், ஐந்து பேருக்கும் வேதத்தை மதிக்கிற ஆதரவாளர்கள். இதைப் பார்த்து, இவர்களெல்லாம் வேடதாரிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லோர் கையிலும் இருந்தது அதே வேதம்தான், தராசில் எந்தக் கல்லை முதலில் வைத்தார்கள் என்பதுதான் வேறு. ராபர்ட்சன் வைத்த கல் பாதுகாப்பு, பாப் ஜோன்ஸ் வைத்தது எதிர்க்கட்சியைத் தோற்கடிக்கும் வாய்ப்பு, கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கம் வைத்தது வேட்பாளர் இதுவரை எதற்கு ஓட்டுப் போட்டார் என்ற பதிவு, ஹக்கபியின் ஆட்கள் வைத்தது விசுவாசம். புதிதாக ஓட்டுப் போடுகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: ஒருவர் உங்களிடம் வந்து, இவர்தான் கிறிஸ்தவர்களின் வேட்பாளர் என்று சொன்னால், அவர் எந்தக் கல்லை வைத்து நிறுத்தார் என்று கேளுங்கள். பெயரைப் பற்றிச் சண்டை போடுவதைவிட அது பிரயோஜனமான பேச்சாக இருக்கும்.

என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2008 ஜனவரி 3 அயோவா காகஸில் சுமார் 34 சதவீதம் வாங்கி ஹக்கபி ஜெயித்தார், வந்திருந்தவர்களில் பத்தில் ஆறு பேர் தங்களை இவாஞ்சலிக்கல் என்று சொன்னவர்கள். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் அவருக்கு 11 சதவீதம். அப்புறம் ஜனவரி 19, தென் கரோலினா. சபைகள் நிறைந்த மாநிலம், ஹக்கபிக்குச் சொந்த வீடு மாதிரி. அங்கே மெக்கெய்ன் 33, ஹக்கபி 30, தாம்ப்சன் 16 சதவீதம். தாம்ப்சனுக்குப் போனவற்றில் பல ஓட்டுகள் ஹக்கபிக்கு வந்திருக்கக்கூடியவை என்பது அப்போதே பேசப்பட்டது. மூன்று நாளில் தாம்ப்சன் விலகிவிட்டார், ஆனால் போனது போனதுதான். பிப்ரவரி தொடக்கத்தில் தெற்கில் ஜார்ஜியா, அலபாமா, டென்னசி எல்லாம் ஹக்கபி ஜெயித்தும் மார்ச் 4ஆம் தேதி மெக்கெய்ன் போதுமான பிரதிநிதிகளைச் சேர்த்துவிட்டார்.

இனி ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்ப்போம். விசுவாசம் என்ற கல் முதலில்.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவு, எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்கிறது. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, வேட்பாளரின் மதத்தை வாக்காளர் பார்ப்பதே சட்டவிரோதம் மாதிரிப் பேசுவார்கள். அந்தத் தடை அரசுக்கு மட்டும்தான். வாக்காளர் தன் மனதில் எதை வைத்து வேண்டுமானாலும் முடிவு செய்யலாம். ஆனால் செய்யலாம் என்பது வேறு, செய்வது சரியா என்பது வேறு. 1960இல் ஜான் கென்னடி கத்தோலிக்கர் என்பதால், போப் சொல்வதைக் கேட்டு நாட்டை ஆள்வார் என்று புராட்டஸ்டண்டு சபைகளில் பயம் இருந்தது. கத்தோலிக்கர்கள் மிகக் குறைவாக இருந்த வெஸ்ட் வர்ஜீனியாவின் பிரைமரியில் மே 10ஆம் தேதி அவர் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஹம்ப்ரியைத் தோற்கடித்தார், புராட்டஸ்டண்டு சுரங்கத் தொழிலாளிகள் ஒரு கத்தோலிக்கருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று நாட்டுக்கே அது காட்டியது. பிறகு செப்டம்பரில் ஹூஸ்டனில் போதகர்கள் நிறைந்த கூட்டத்தில் போய் நின்று, தான் கத்தோலிக்க வேட்பாளர் இல்லை, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கராகவும் இருப்பவர் என்று சொன்னார். 47 வருடம் கழித்து 2007 டிசம்பரில் ராம்னியும் அதே டெக்சாஸ் மாநிலத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரி ஓர் உரை ஆற்ற வேண்டியிருந்தது. அதே மாதத்தில் ஹக்கபி, மார்மன் போதனையைப் பற்றி ஒரு பத்திரிகையாளரிடம் குத்தலாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பிறகு ராம்னியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டது நல்ல காரியம், அந்தக் கேள்வி வராமலே இருந்திருக்கலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், 2024 குடியரசுக் கட்சி பிரைமரியில் நின்ற விவேக் ராமசாமி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஒஹாயோவில் பிறந்து வளர்ந்த இந்து, ஏசு சபையினர் நடத்தும் பள்ளியில் படித்தவர். 2023 டிசம்பரில் அயோவாவில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு வாக்காளர் அவரிடம் நேருக்கு நேர், நம் முன்னோர்களின் மதம் உங்கள் மதம் இல்லையே, அதனால் நீங்கள் ஜனாதிபதியாக முடியாது என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில் என்று கேட்டார். அரசியலுக்காகப் பொய்யாக மதம் மாற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தன் வீட்டில் கற்றுக்கொண்ட ஒழுக்கங்களும் பத்துக் கட்டளைகளும் எங்கே சேர்கின்றன என்று விளக்கினார். அடுத்த மாதம் காகஸில் 7.7 சதவீதம் வாங்கி நாலாவதாக வந்து அன்றிரவே விலகிவிட்டார், அதற்குப் பல காரணங்கள். ஆனால் அந்தக் கேள்வி நேரில், மரியாதையாகக் கேட்கப்பட்டதும், அவர் அதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது. மறைவில் கிசுகிசுப்பதற்குப் பதில் இப்படிக் கேட்டுவிடுவது மேல்.

விசுவாசத்தைப் பற்றி என் கருத்து இது. வேட்பாளர் கிறிஸ்தவராக இருந்தால் சந்தோஷம். ஆனால் அவருடைய சாட்சி மேடையில் எவ்வளவு உருக்கமாக இருக்கிறது என்பதை வைத்து ஓட்டுப் போடாதீர்கள். மனிதன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேலுக்குச் சொல்லப்பட்டது ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுக்கப் போன இடத்தில்தான். நம்மால் இருதயத்தைப் பார்க்க முடியாது. பார்க்க முடிந்தது அவர் இதுவரை செய்த வேலையும் போட்ட கையெழுத்துகளும்தான். மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனையிலும், தலைவர்களாக வைக்கும் ஆட்கள் தேவனுக்குப் பயந்தவர்களாக இருக்கட்டும் என்பதோடு நிற்கவில்லை, திறமையும் வேண்டும், உண்மையும் வேண்டும், பொருளாசையை வெறுக்கவும் வேண்டும் என்று நாலையும் சேர்த்துத்தான் சொன்னார். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிற பழக்கம் நம் சபைகளில் நிறைய இருக்கிறது.

ஒழுக்கம் என்ற கல்தான் எனக்கு அதிக வேதனை தருவது. 1998இல் அன்றைய ஜனாதிபதி பில் கிளிண்டனின் தகாத உறவு விவகாரம் நாட்டையே உலுக்கியபோது, சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் மாநாடு, பொதுப் பதவியில் இருப்பவர்கள் சொந்த வாழ்க்கையிலும் உயர்ந்த ஒழுக்கத்தோடு இருக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டது. நல்ல தீர்மானம். பின்னால் 2011இல் பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது: சொந்த வாழ்க்கையில் ஒழுக்கக்கேடாக நடந்த ஒருவர் பொதுப்பணியில் நேர்மையாக நடக்க முடியுமா? வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றார்கள். 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு 72 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். ஐந்தே வருடம். வேதத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. மாறியது வேட்பாளர், 2016இல் நின்றவர் டிரம்ப்.

உபாகமத்தில் ஒரு கட்டளை உண்டு, உன் பையிலே பெரிதும் சிறிதுமாகப் பலவித நிறைகற்களை வைத்திருக்காதே என்று. வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல் வைத்திருக்கும் கடைக்காரனுக்குச் சொன்னது அது. எதிர்க்கட்சிக்காரர் பாவம் செய்தால் பெரிய கல், நம் ஆள் செய்தால் சின்னக் கல் என்று வைத்துக்கொள்வதும் அதே கள்ளத்தராசுதான். இதைக் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. 1998இல் கிளிண்டனைக் காப்பாற்ற, சொந்த வாழ்க்கை வேறு பதவி வேறு என்று வாதாடிய கிறிஸ்தவர்களில் சிலர் 2016இல் ஒழுக்கம்தான் எல்லாம் என்று பேசியதும் அதே தராசுதான், பக்கம் மட்டும் மாறியிருந்தது.

மறுபக்க வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் பலர் நன்றாக ஜெபித்து யோசித்துச் சொல்கிறார்கள். 2016 பிப்ரவரி 13ஆம் தேதி, தென் கரோலினா பிரைமரிக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, உச்சநீதிமன்ற நீதிபதி ஆண்டனின் ஸ்காலியா இறந்துபோனார். அடுத்த ஜனாதிபதி யாரை நியமிப்பார் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வியாகிவிட்டது. டிரம்ப் மூன்று பேரை நியமித்தார், 2022 ஜூன் 24ஆம் தேதி அந்த நீதிமன்றம், கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக ஏற்ற 1973ஆம் ஆண்டு ரோ வழக்குத் தீர்ப்பை ரத்து செய்தது. கருவில் இருக்கும் உயிர்தான் என் முதல் கல் என்று 2016இல் வைத்தவருக்கு அவருடைய கணக்கு பலித்தது, அதை மறுக்க முடியாது. சிலர் கோரேசு ராஜாவை உதாரணம் காட்டுவார்கள். கர்த்தரை அறியாத பெர்சிய ராஜா, ஆனாலும் யூதர்கள் எருசலேமுக்குத் திரும்ப அவன்தான் வழி திறந்தான், அது போல என்று. எனக்கு இந்த உதாரணத்தில் ஒரு தடங்கல் உண்டு. கோரேசை யூதர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. தேவன் யாரையும் பயன்படுத்துவார் என்பது உண்மை, ஆனால் பிரைமரியில் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது, மேடையில் அதே கொள்கையோடு வேறு ஆட்கள் நிற்கும்போது கோரேசைக் காட்டித் தப்பிக்க முடியாது. நவம்பரில் இரண்டே பேர் மீந்திருக்கும்போது அந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் கூடும். இந்த வித்தியாசத்தைத்தான் என் தங்கைக்கு அதிக நேரம் எடுத்துச் சொன்னேன்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் குடியரசுக் கட்சிப் பக்கம். கிறிஸ்தவ வாக்காளர் என்றாலே வெள்ளை இவாஞ்சலிக்கல் என்று நினைப்பது பெரிய தவறு. 2020 ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜோ பைடன் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது, கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். பிப்ரவரி 26ஆம் தேதி, போதகரின் மகனான ஜிம் கிளைபர்ன் என்ற காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் அவரை ஆதரித்தார், ஜோவை நமக்குத் தெரியும், ஜோவுக்கும் நம்மைத் தெரியும் என்பது அவர் பேச்சின் சாரம். மூன்று நாள் கழித்து தென் கரோலினாவில், பாதிக்கு மேல் கறுப்பின வாக்காளர்கள் ஓட்டுப் போட்ட அந்தப் பிரைமரியில், பைடனுக்குச் சுமார் 49 சதவீதம். அதே தேர்தலில் விவாத மேடையில் வேத வசனத்தைச் சொல்லி ஏழைகளின் கூலியைப் பற்றிப் பேசிய எபிஸ்கோபல் சபைக்காரர் பீட் புட்டிஜெஜுக்கு அங்கே 8 சதவீதம்தான் கிடைத்தது. கறுப்பினச் சபைகளில் நெடுங்காலமாகக் கனமாக இருக்கும் கல் வேறு: எங்களோடு எத்தனை வருடம் நின்றாய், ஓட்டுரிமைக்கு என்ன செய்தாய், நவம்பரில் உன்னால் ஜெயிக்க முடியுமா. அதுவும் வேதத்திலிருந்து வருவதுதான், யாத்திராகமத்தை அவர்கள் தங்கள் சொந்தக் கதையாகவே படித்தவர்கள்.

ஜெயிக்கும் வாய்ப்பு என்ற கல்லைப் பற்றி. இதைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2016 தென் கரோலினாவில் ஓட்டுப் போட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் இவாஞ்சலிக்கல். டிரம்புக்குக் கிடைத்தது 32.5 சதவீதம், எதிர்த்து நின்ற செனட்டர்கள் ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு 22 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த மாநிலத்தின் விதிப்படி மாநிலத்திலும் ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்பதால், 50 பிரதிநிதிகளும் டிரம்புக்கே போனார்கள். ரூபியோவுக்கோ குரூஸுக்கோ போட்டவர்கள் சேர்ந்து அவரைவிட அதிகம், கையில் வந்தது பூஜ்யம். ஆகவே உங்கள் மாநிலத்தில் பிரதிநிதிகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவசியம். விகிதப்படி பிரிக்கும் மாநிலம் என்றால் மனசுக்குப் பிடித்தவருக்கே தைரியமாகப் போடலாம். முதலில் வந்தவருக்கே எல்லாம் என்றால், இரண்டாவது பிடித்தவர் யார் என்றும் யோசிக்க வேண்டிவரும். அது கபடம் ஆகாது, விதி தெரிந்து ஆடுவது.

சபையில் என்ன பேசலாம் என்றும் தங்கை கேட்டாள். 1954 முதல் அமெரிக்காவில் ஒரு விதி உண்டு, வரிவிலக்குப் பெறும் சபைகள் ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரச்சாரம் செய்யக் கூடாது என்று. 2025 ஜூலையில் வரித்துறையே ஒரு வழக்கில், ஆராதனையில் போதகர் தன் சபையாரிடம் பேசுவதை இந்த விதி தடுக்காது என்று நிலை எடுத்தது. சட்டம் எந்தப் பக்கம் போனாலும் என் மனசு ஒன்றுதான்: பிரசங்க மேடையில் வேட்பாளரின் பெயர் வரக் கூடாது. கருவில் இருக்கும் குழந்தை, கூலிக்காரன், அந்நியன், விதவை, இவர்களைப் பற்றி வேதம் சொல்வதைப் போதகர் பயமில்லாமல் சொல்லட்டும். யாருக்கு ஓட்டு என்று சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது பக்கத்தில் இருப்பவரை எதிர்க்கட்சிக்காரராகப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் டயோசிசன் (திருச்சபை நிர்வாக) தேர்தலில் இதைச் சின்ன அளவில் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக அவளிடம் ஒரு வேலை செய்யச் சொன்னேன். வேட்பாளர்களின் பெயர்களைப் பார்க்கும் முன்பு ஒரு தாளில் எனக்கு எது எது முக்கியம், எந்த வரிசையில் என்று எழுது. எழுதி முடித்த பிறகு மாற்றாதே. அப்புறம் ஒவ்வொருவரும் பேசியதை விட்டுவிட்டு, கவர்னராகவோ செனட்டராகவோ இருந்தபோது என்ன கையெழுத்துப் போட்டார்கள், எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று தேடிப் படி. பிறகு அதே தாளை, உனக்குப் பிடிக்காத கட்சியின் வேட்பாளர் ஒருவருக்கும் வைத்துப் பார். அவரைத் தள்ளுவதற்கு நீ காட்டும் காரணம் உன் ஆளுக்கும் பொருந்தினால், கல் சரியில்லை என்று அர்த்தம், முதலிலிருந்து ஆரம்பி.

இன்னொன்றையும் சொன்னேன், அதை அவள் எதிர்பார்க்கவில்லை. டெக்சாஸில் அந்த ஒரே வாக்குச்சீட்டில் ஜனாதிபதி வேட்பாளர் மட்டும் இல்லை, மாநில நீதிபதிகள், சட்டமன்ற உறுப்பினர்கள், கவுண்டி ஷெரிப் (மாவட்டக் காவல் தலைவர் மாதிரி) வரைக்கும் பெயர்கள் இருக்கும். பல இடங்களில் ஒரு கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும் என்பதால், அந்த ஊருக்கு பிரைமரிதான் உண்மையான தேர்தல், கொஞ்சம் ஓட்டுகளிலேயே முடிவு மாறும். அங்கே யாரும் தொலைக்காட்சியில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றித் தேடிப் படிக்கத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்.

மார்ச் 5ஆம் தேதி ராத்திரி அவள் கூப்பிட்டாள். வாசலில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டார்களாம், சொல்லி வாங்கிக்கொண்டாளாம், உள்ளே முக்கால் மணி நேரம். யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. "தாளை ரெண்டு தடவ கிழிச்சுப் போட்டுட்டு எழுதுனேன்ணே" என்று மட்டும் சொன்னாள்.